கல்லின் சூடு ஆறிய பிறகு: இரவு ட்ரோன் தேடல் பயிற்சியில் கற்றவை

ராத்திரியில் ட்ரோன் விட்டு, காணாமல்போன ஆளைத் தேடக் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பலர், தெர்மல் கேமரா இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இருட்டில் உடம்புச் சூடு பளிச்சென்று தெரியும், நேராகப் போய் ஆளை எடுத்துவிடலாம் என்ற எண்ணம். சமமான வயல்காட்டில் அது ஓரளவு நடக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரியில் அவ்வளவு சுலபமாக நடக்காது. காரணம் கல். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கரடும் பாறையும்தான். பகலெல்லாம் வெயில் வாங்கிய பாறை, ராத்திரி எட்டு மணிக்கும் சூடாகவே கிடக்கும். மேலே இருந்து பார்த்தால், சூடானதை வெள்ளையாகக் காட்டும் திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். அதில் எது மனிதர், எது கல் என்று பிரிக்கத் தெரிவதுதான் எங்கள் ஊருக்கான பயிற்சி.

நான் பகலில் மருந்து தெளிக்கும் ட்ரோன் ஓட்டுகிறேன். பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் தக்காளியும் மாவும்தான் பெரும்பாலும். கையில் ரிமோட் பைலட் சான்றிதழ் இருக்கிறது, வயலும் வரப்பும் பழக்கம். அப்படியிருந்தும் இரவுத் தேடல் பயிற்சியில் சேர்ந்தபோது பல பழக்கங்களைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. தெளிப்பு வேலையில் ட்ரோன் தலைக்கு மேல் சில மீட்டர் உயரத்தில், கண் முன்னாலேயே இருக்கும். தேடலில் அது இருட்டுக்குள் ஒரு மினுக்கும் விளக்கு மட்டும்தான்.

இந்தத் திறமை இங்கே தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. பேருந்து நிலையம் பக்கம் நின்றிருந்த வண்டிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை எல்லாரும் பார்த்தோம். ஒகேனக்கலில் காவிரி திடீரென்று ஏறும். தென்பெண்ணைக் கரையில் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள். கைவிட்ட கல்குவாரிகள், சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள், மாலையில் மாடு தேடிக் காட்டுக்குள் போய்த் திரும்பாதவர்கள், வழி மறந்து நடந்து போய்விடும் வயதானவர்கள் என்று இன்னும் எவ்வளவோ. விடியும் வரை காத்திருந்தால் உயிர் தாங்காத சந்தர்ப்பங்கள் இவை.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள்தான் நமக்கு அடிப்படை. 2 கிலோவுக்கு மேல் எடையுள்ள ட்ரோனை ஓட்டச் சான்றிதழ் வேண்டும். பச்சை மண்டலத்தில், அதாவது முன் அனுமதி தேவைப்படாத வான்பகுதியில், 400 அடி வரை பறக்கலாம். பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்பதை ஒவ்வொரு முறையும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஓசூர்ப் பக்கத்துக்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், அங்கே விமான ஓடுதளம் இருக்கிறது, பெங்களூரும் பக்கம். காப்புக்காடு என்றால் வனத்துறையைக் கேட்காமல் ஒரு அடிகூட ஏற்றக் கூடாது. முக்கியமாக, ஆள் காணோம் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததும் நாமாகவே ட்ரோனைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. போலீஸோ தீயணைப்புத் துறையோ கூப்பிட்டு, அவர்கள் சொல்லும் இடத்தில், அவர்கள் பொறுப்பின் கீழ்தான் பறக்க வேண்டும். ஆர்வம் உள்ள இளைஞர்களிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓசூரைச் சேர்ந்த ஒரு பெண் பயிற்சியாளர். எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். இரவுப் பயிற்சி என்று சொல்லிவிட்டு அவர் எங்களை வரச்சொன்னது பிற்பகல் மூன்று மணிக்கு. “ராத்திரியில பார்க்க முடியாததையெல்லாம் இப்பவே பார்த்துக்குங்க” என்றார். ஏரிக்கரையில் ஆரம்பித்து, பறக்கப்போகும் நிலத்தை முழுக்க நடந்தோம். ஈபி கம்பி எங்கிருந்து எங்கே போகிறது, எந்தத் தோட்டத்துக்கு சர்வீஸ் இழுத்திருக்கிறார்கள், தென்னை எவ்வளவு உயரம், செல்போன் டவர் எந்தத் திசை, கிணறு எத்தனை. எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத்தாளில் கையால் வரைந்துகொண்டோம். கம்பிதான் பெரிய எதிரி. இருட்டில் கண்ணுக்கும் தெரியாது, கேமராவுக்கும் தெரியாது. ட்ரோனில் இருக்கும் தடை உணரும் கேமராக்கள் வெளிச்சத்தை நம்பி வேலை செய்பவை. இருட்டியதும் அவை குருடு. பகலில் மரத்துக்கு முன்னால் தானாக நின்ற ட்ரோன், ராத்திரியில் அதே மரத்தில் நேராகப் போய் மோதும். கம்பத்தையும் டவரையும் அடையாளம் வைத்துக்கொண்டு, இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் நடுவே கம்பி இருக்கிறது என்று மனதில் கோடு போட்டுக்கொண்டுதான் பறக்க வேண்டும்.

சிக்னல் போனால் ட்ரோன் தானாகத் திரும்பி வரும் உயரத்தைக் குறிப்பதும் பகல் வேலைதான். சுற்றுவட்டாரத்தில் மிக உயரமானது எதுவோ, அதற்கு மேல் குறைந்தது 20 மீட்டர் வையுங்கள். உயர் மின்னழுத்த டவர்கள் 40 மீட்டரைத் தாண்டியும் நிற்கும். அந்த உயரத்தை ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்துதான் கணக்கிடும் என்பதை அஞ்செட்டி, சித்தேரி போன்ற மலைப்பக்கத்தில் மறக்கவே கூடாது. பள்ளத்திலிருந்து கிளம்பி, 60 மீட்டர் என்று வைத்தால், எதிரே இருக்கும் கரடு 80 மீட்டர் எழுந்து நிற்கும். சிக்னல் போனதும் ட்ரோன் பத்திரமாகத் திரும்புவதாக நினைத்துக்கொண்டு நேராகக் கரட்டில் முட்டும்.

இருட்டிய பிறகு முதல் அரைமணி நேரம் யாரும் பறக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தோம். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக ஏறக்குறைய 30 நிமிடம் ஆகும். அதுவரை பழகியதை ஒரே ஒரு தடவை செல்போன் திரையைப் பார்த்துக் கெடுத்துவிடலாம், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால்தான் தலைவிளக்கில் சிவப்பு வெளிச்சம் வைக்கிறோம். இருட்டில் பார்க்க உதவும் செல்கள் ஆழ்ந்த சிவப்புக்கு அவ்வளவாக அசையாது. இன்னொன்று, அந்தச் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. மங்கலான ஒரு பொருளை நேருக்கு நேர் உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும், சற்றே ஓரமாகப் பார்த்தால் தெரியும். தூரத்து நட்சத்திரத்தில் இதைச் செய்து பார்க்கச் சொன்னார் மேடம். ஒருமுறை செய்து பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

தனி விளக்கு ஒன்றை இருட்டில் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால், அது நகர்வதுபோலத் தோன்றும். விளக்கு அசைந்திருக்காது, கண்ணின் மயக்கம் அது. ட்ரோன் ஒரே இடத்தில் நிற்கும்போது, காற்றில் தள்ளிக்கொண்டு போகிறது என்று நினைத்து எதிர்ப்பக்கம் ரிமோட்டின் குச்சியைத் தள்ளத் தோன்றும். கையை விட்டுவிட்டு, திரையில் வேகம் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பதுதான் வழி. தூரமும் அப்படித்தான். ராத்திரியில் கண்ணால் தூரத்தை அளக்கவே முடியாது, எண்களைத்தான் நம்ப வேண்டும்.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. திரையைப் பார்க்கும் கண்ணுக்கு இருட்டு பழகாது, இருட்டைப் பார்க்கும் கண் திரையைப் பார்க்கக் கூடாது. அதனால் ஒரு ட்ரோனுக்கு மூன்று பேர். ஒருவர் ஓட்டுவார். ஒருவர் தெர்மல் திரையை மட்டும் படிப்பார். மூன்றாமவர் வானத்தையும் ட்ரோனின் விளக்கையும் மட்டும் பார்ப்பார். அந்த மூன்றாமவர் ஆர்வம் தாங்காமல் திரையை எட்டிப் பார்த்தால் மேடம் அவரை மாற்றிவிடுவார். கோபமெல்லாம் கிடையாது, அரைமணி நேரம் உட்கார வைத்துவிடுவார்.

பேச்சும் சுருக்கமாக இருக்க வேண்டும். வலது, இடது என்று சொல்லக் கூடாது என்று முதல் நாளே முடிவு செய்தோம். ட்ரோனுக்கு வலது எது, நமக்கு வலது எது என்பதில் குழப்பம் வரும். ஏரிப்பக்கம், ரோட்டுப்பக்கம், கோயில்பக்கம், கரட்டுப்பக்கம் என்று நான்கு திசைக்கும் பெயர் வைத்துக்கொண்டோம். “கம்பி” என்று யார் கத்தினாலும், ஓட்டுபவர் குச்சிகளை விட்டுவிட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. ட்ரோன் நின்ற பிறகு பேசிக்கொள்ளலாம்.

கைப்பழக்கத்துக்கு வாளிப் பயிற்சி. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. வகுத்த முறை இது, உலகம் முழுக்க மீட்புப் படையினர் இதில் பழகுகிறார்கள். எங்களிடம் காலி பெயின்ட் வாளிகள் இருந்தன. ஒரு கட்டையில் ஐந்து வாளி: ஒன்று வானத்தைப் பார்த்து, மற்ற நான்கும் நான்கு திசையில் 45 டிகிரி சாய்வில். ஒவ்வொரு வாளியின் அடியிலும் ஒரு சிறு வளையம் வரைந்திருக்கும், வளையத்தில் ஒரு பக்கம் வெட்டு. ட்ரோன் சரியான உயரத்தில், சரியான கோணத்தில் நின்றால்தான் வாளிக்குள் முழுசாகத் தெரியும், வெட்டு எந்தப் பக்கம் என்று சொல்ல முடியும். பகலில் எல்லாரும் செய்துவிடுகிறோம். ராத்திரியில் ட்ரோனின் விளக்கைப் போட்டுக்கொண்டு ஐந்து வாளியையும் சுற்றி வந்து படிப்பதற்குள் உள்ளங்கை வேர்த்துவிடும். ட்ரோனின் மூக்கு நம்மைப் பார்த்து இருக்கும்போது கட்டுப்பாடு தலைகீழாகிவிடும் அல்லவா, அதை விரல்களுக்குப் பழக்க இதைவிட நல்ல வழி நான் பார்க்கவில்லை. சில வாளிகளுக்குள் வெந்நீர் பாட்டிலை வைத்து, தெர்மலில் எது சூடு, எது இல்லை என்றும் படிக்க வைத்தார்கள். செலவே இல்லை. ஒவ்வொரு ஊரிலும் செய்யலாம்.

இனி கல்லுக்கு வருகிறேன்.

தெர்மல் கேமரா வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை. பொருளின் மேற்பரப்பிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரைத்தான் பார்க்கிறது. தண்ணீருக்குள் பார்க்காது, கார் கண்ணாடிக்குள் பார்க்காது, அடர்ந்த இலைக்குள் பார்க்காது. மனிதரையும் பின்னணியையும் பிரிப்பது வெப்ப வித்தியாசம் மட்டும்தான். தோலின் மேற்பரப்பு 32, 33 டிகிரி இருக்கும், சட்டை மேல் அதைவிடக் குறைவு. மே மாதம் பகலில் பாறை கையை வைக்க முடியாதபடி கொதிக்கும். சாயங்காலம் அது ஆறிக்கொண்டே வரும். அப்படி ஆறும் வழியில் ஒரு நேரம், பாறையும் மனிதரும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருப்பார்கள். அந்த நேரத்தில் பாறை மேல் ஆள் படுத்திருந்தால் திரையில் ஒன்றுமே தெரியாது. மண் சீக்கிரம் ஆறிவிடும், கல் விடாப்பிடியாக வைத்திருக்கும்.

இதைக் கண்ணால் காட்ட, எங்களில் ஒரு அண்ணனைப் பாறை ஓரத்தில் கம்பளி போர்த்திப் படுக்க வைத்தார்கள். ராத்திரி எட்டரை மணிக்கு மேலே இருந்து பார்த்தோம். அவர் எங்கே படுத்திருக்கிறார் என்று தெரிந்திருந்தும் என்னால் காட்ட முடியவில்லை. பாறை முழுக்க வெள்ளை. அதே இடத்தை விடியற்காலை நாலரைக்குப் பார்த்தபோது பாறை சாம்பல் நிறத்துக்கு இறங்கியிருந்தது. கம்பளிக்குள் இருந்து வெளியே தெரிந்த முகம் மட்டும் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு. உடம்பு தெரியவில்லை, கம்பளி சூட்டை உள்ளேயே வைத்துக்கொண்டது. “கைய நீட்டுங்கண்ணே” என்று வாக்கிடாக்கியில் சொன்னதும் கம்பளியிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு வெளியே வந்தது. அந்த நிமிடத்தில்தான் எதைத் தேட வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. முழு மனித உருவத்தைத் தேடக் கூடாது. முகம், கை, அசைவு இவற்றைத் தேட வேண்டும்.

ஆகவே பாறைக்காட்டில் தேடல் என்றால், முதலில் மண் பாதை, ஓடை, வரப்பு, தோட்டம் இவற்றை முன்னிரவிலேயே முடித்துவிட்டு, கல் இருக்கும் பகுதியை நள்ளிரவுக்குப் பிறகு, முடிந்தால் விடியலுக்கு முன்னால் திரும்பப் பாருங்கள். முன்னிரவில் பார்த்துவிட்டு அங்கே யாரும் இல்லை என்று வரைபடத்தில் குறுக்குக் கோடு போட்டுவிடாதீர்கள். அப்படிப் போட்ட கோடுதான் ஆபத்து. நாங்கள் அந்த இடங்களுக்கு ஒரு சுழி மட்டும் போடுகிறோம், திரும்ப வர வேண்டும் என்று அர்த்தம்.

கல்லைத் தவிர இன்னும் சில ஏமாற்றுகள் உண்டு. தண்ணீர் மெதுவாக ஆறுவதால் குட்டையும் கிணறும் பின்னிரவில் வெள்ளையாகத் தெரியும். தார் ரோடும் அப்படித்தான். மாடு படுத்து எழுந்து போன இடம் கொஞ்ச நேரம் சூடாகவே தெரியும். பளபளப்பான தகரக் கூரை நேர்மாறு, அது குளிர்ந்த வானத்தைப் பிரதிபலிப்பதால் கறுப்பாகத் தெரியும், உள்ளே அடுப்பு எரிந்தாலும்கூட. இடையில் கேமராவிலிருந்து க்ளிக் என்று ஒரு சத்தம் வந்து படம் ஒரு நொடி உறையும். பழுது என்று பயப்பட வேண்டாம், தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. அந்த நொடியில் ட்ரோனைத் திருப்பாமல் இருந்தால் போதும்.

திரையைப் படிக்கும் வேலையில் எங்களுக்கு மிகப் பெரிய ஆசிரியர் ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர். பட்டி பக்கத்தில்தான் இருந்தது, சத்தம் கேட்டு வந்தவரை மேடம் நாற்காலி போட்டுத் திரை முன்னால் உட்கார வைத்தார். கரட்டுச் சரிவில் கொத்தாக வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. ஆடு என்றோம் நாங்கள். பெரியவர் தலையை ஆட்டினார். “அது கல்லு தம்பி. ஆடுன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுப் படுக்கும். இது தள்ளித்தள்ளிக் கெடக்குது பாரு.” கீழே போன ஆள் பார்த்துவிட்டு, கல்தான் என்றார். அடுத்து, ஓடை ஓரம் இருந்த ஒரு புள்ளியைக் காட்டி, அங்கே கல் கிடையாது, போய்ப் பார்க்கச் சொன்னார். நாய் படுத்திருந்தது. எந்தப் பாறை எங்கே கிடக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். அன்றிலிருந்து எங்கள் குழு எங்கே போனாலும், அந்த நிலத்தில் நடந்து பழகிய ஒருவரைத் திரைக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறோம். கேமராவின் தரத்தை உயர்த்துவதைவிட இது அதிகம் உதவுகிறது என்பது என் உறுதியான கருத்து.

உயரமும் வேகமும் கணக்கு. 640×512 தெர்மல் சென்சார், 13 மில்லிமீட்டர் லென்ஸ், 12 மைக்ரான் பிக்சல் என்றால், 60 மீட்டர் உயரத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, தரையில் ஏறக்குறைய ஐந்தரை சென்டிமீட்டர். படுத்திருக்கும் ஆளின் தோள் அகலம் எட்டு பிக்சல் வரும், ஆள் என்று ஊகிக்கலாம். 120 மீட்டருக்குப் போனால் நான்கு பிக்சல்தான், ஏதோ இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். 60 மீட்டரில் திரையின் அகலம் தரையில் 35 மீட்டர். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி 28 மீட்டர் இடைவெளியில் உழவுச் சால் போல வரிசையாகப் போய் வந்தால், நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல் பார்க்க முடியும். திரும்பும் நேரம் போக ஒரு பேட்டரிக்கு 25 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தேடலுக்கு வந்திருக்கும் அதிகாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. காடு முழுக்க ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம் என்று எதிர்பார்த்து நிற்பார்கள்.

பேட்டரி 30 சதவீதம் இருக்கும்போதே ட்ரோன் தரைக்கு வந்துவிட வேண்டும். தளி, ஓசூர்ப் பக்கம் மார்கழிக் குளிரில் மின்னழுத்தம் சட்டென்று சரியும், அதனால் கிளம்பியதும் ஒரு நிமிடம் தலைக்கு மேலேயே நிறுத்திச் சூடேற்றுங்கள். பனி லென்ஸில் படியும், துடைக்கத் துணி கையில் இருக்கட்டும். மூடுபனி இறங்கினால் தெர்மலும் மங்கும், நிறுத்திவிடுங்கள்.

யானை விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ராகி முற்றும் பருவத்தில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கூட்டம் கூட்டமாக வரும். ட்ரோன் சத்தம் அதற்குப் பிடிக்காது, மிரண்டால் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாது, அந்தப் பக்கம்தான் நம் ஆட்கள் டார்ச்சோடு நடந்துகொண்டிருப்பார்கள். திரையில் பெரிய உருவம் தெரிந்த நொடியே உயரம் ஏற்றி விலக வேண்டும், தரைக்குழுவை நிறுத்த வேண்டும், வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். கூடவே மின்வேலி. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. யானையைக் கொல்லும் கம்பி, இருட்டில் ஆள் தேடிப் போகிறவரையும் விடாது. மேலே இருந்து ஒரு புள்ளியைக் கண்டுபிடித்துவிட்டு, “நேரா போங்க” என்று தரைக்குழுவிடம் சொல்வதற்கு முன், அந்தத் தோட்டக்காரரை எழுப்பி லைனை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். இடையில் கிணறு இருக்கிறதா என்று பகலில் வரைந்த தாளைப் பார்த்திருக்க வேண்டும். ஆள் கிடைத்துவிட்ட அவசரத்தில் இந்த இரண்டும்தான் விட்டுப்போகும்.

இடத்தைச் சொல்லும்போது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தீயணைப்புக் குழுவுக்குக் கொடுங்கள். ஊர்க்காரர்களுக்கு அது பயன்படாது. முனியப்பன் கோயில் புளியமரத்திலிருந்து கரட்டுப்பக்கம் இரண்டாவது வரப்பு என்றால் ஓடிப்போய் நின்றுவிடுவார்கள். அதற்காகவே பகல் நடையில் இப்படிப்பட்ட பெயர்களைக் கேட்டுத் தாளில் எழுதி வைக்கிறோம்.

எங்களுக்கு இன்னும் கைவராதது மாந்தோப்பு. கிருஷ்ணகிரிப் பக்கம் தோப்புக்குள் ஒருவர் விழுந்து கிடந்தால், நேர் மேலிருந்து இலைதான் தெரிகிறது. கேமராவை 45 டிகிரி சாய்த்து, மர வரிசைகளுக்கு நடுவே இருக்கும் சந்து வழியாகப் பார்க்கிறோம், ஒரே சந்தை இரண்டு திசையிலிருந்தும். வரிசை ஒழுங்காக நட்ட புதுத் தோப்பில் அடிமரம்வரை தெரிகிறது. கிளை பின்னிக்கிடக்கும் பழைய தோப்பில் பாதிதான் தெரிகிறது, மீதிக்கு ஆட்கள் கையில் விளக்கோடு வரிசையாக நடந்தே ஆக வேண்டும். அந்த நேரத்தில் ட்ரோன் மேலே நின்று அவர்கள் வரிசை கலையாமல் பார்த்துக்கொள்கிறது, விட்டுப்போன மரத்தைச் சொல்கிறது. அடுத்த பயிற்சியை ஒரு பழைய தோப்பில்தான் வைத்திருக்கிறோம், அறுவடை முடிந்ததும்.